இரவுக் கோச்சியும் ஒரு குடும்பத்தின் கணக்கும்

ராகலைக்கு ஒரு காலத்தில் சொந்தமாகக் கோச்சி இருந்தது. நானுஓயாவில் பெரிய பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி ராகலை வரை வந்தது அந்தச் சின்ன ரயில். 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறந்த பாதை. தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கவும் அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றவும் துரைமார் கேட்டு வாங்கியது, சனங்களும் ஏறினார்கள். லொறியும் பஸ்ஸும் வந்தபின் வருமானம் விழுந்தது. 1940களில் சேவை நின்று, தண்டவாளத்தையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அதன் முற்றத்தில் சின்னப் பாதை ரயில் பெட்டி ஒன்று சாப்பாட்டு அறையாக நிற்கிறது. மேலே ஏறி வந்த கோச்சியின் ஞாபகத்துக்கு எங்கள் பக்கத்தில் இப்போது அதுதான் மிச்சம்.

ஆகவே ராகலையில் ஒரு குடும்பம் இரவுக் கோச்சியில் போக நினைத்தால், முதல் செலவு கோச்சிக்கு ஆவதில்லை, நானுஓயாவுக்குப் போய்ச் சேருவதற்கு ஆகிறது. பகலில் என்றால் நுவரெலியாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நானுஓயாவுக்கு எட்டு கிலோமீற்றர் இன்னொரு பஸ். பதுளையில் மாலையில் புறப்படும் மெயில் கோச்சி நானுஓயாவுக்கு வருவது இரவு பத்து மணியளவில். அந்த நேரத்துக்குப் பிள்ளைகளோடும் பொதிகளோடும் போக வேன் பிடித்தாக வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு வேன் வாடகை, எட்டுப் பேரின் மூன்றாம் வகுப்பு டிக்கட்டை நெருங்கிவிடும். பேரம் பேசாவிட்டால் தாண்டியும் விடும். கணக்குக் கொப்பியில் முதல் வரியாக எழுத வேண்டியது இதைத்தான்.

நாங்கள் எட்டுப் பேர் போனோம். அம்மா, நான், மனைவி, எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள். போன இடம் யாழ்ப்பாணம். நல்லூர்த் திருவிழாவை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. தேருக்குப் போனால் கூட்டத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் சமாளிக்க முடியாது. இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிறு என்று தீர்மானித்ததற்குப் பக்தியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது.

தம்பியும் அவன் மனைவியும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். நான் ஆசிரியன்; லீவு எழுதிக் கொடுத்தால் என் சம்பளம் குறையாது. அவர்களுக்குக் காலையில் பெரட்டு என்ற வேலைப் பதிவுக்குப் போய்ப் பேர் விழுந்தால்தான் அன்றைய காசு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. 2025இல் நாங்கள் போனபோது நாட்சம்பளம் 1,350 ரூபாய். முந்திய ஆண்டு செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தொகை. இருவருக்கும் சேர்த்து ஒரு நாளுக்கு 2,700. 2026 ஜனவரியிலிருந்து அடிப்படை 1,550, வேலைக்கு வந்ததற்கென அரசு தரும் 200, ஆக 1,750, இருவருக்கு 3,500. தோட்டத்துக் குடும்பம் ஒன்று பயணம் போகும்போது டிக்கட்டு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கையைவிட்டுப் போவது இந்தப் பேர் விழாத நாட்களின் காசுதான். டிக்கட்டுக் காசு கையிலிருந்து போகும்போது தெரியும். இது சம்பள நாளில் துண்டைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

பகல் கோச்சியில் போனால் நானுஓயாவிலிருந்து கொழும்புக்கு ஒரு முழு நாள், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு நாள். திரும்பவும் அதே இரண்டு. நடுவில் வரும் ஞாயிறு வேலையில்லாத நாள். அதை விட்டுவிட்டால் நாலு நாள் பேர் போகும். 10,800 ரூபாய். இரவு மெயிலில் ஏறினால் கணக்கு வேறு. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். சனி காலை கொழும்பு, அன்று பிற்பகல் யாழ்ப்பாணம். ஞாயிறு முழுக்கக் கோயிலுக்கு. திங்கள் காலை யாழ்ப்பாணத்தில் ஏறி, இரவு கொழும்பில் மெயிலைப் பிடித்தால், செவ்வாய் விடியுமுன் நானுஓயா; பெரட்டுக்குப் போய்விடலாம். சனியும் திங்களும் மட்டும் போகும். 5,400 ரூபாய். பாதி மிச்சம். அதோடு கொழும்பில் எட்டுப் பேர் இரண்டு இரவு தங்கும் செலவும் இல்லை.

பஸ் இல்லையா என்று கேட்பார்கள். மலையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் உண்டு, ஏறியும் இருக்கிறேன். றம்பொடை வளைவுகளில் பிள்ளைகள் வாந்தியெடுப்பதை ஒரு தாய் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சமாளிப்பதைப் பார்த்தவர்கள் அதை மலிவான பயணம் என்று சொல்லமாட்டார்கள். கழிவறைக்கு நிறுத்தும் இடத்தைச் சாரதிதான் தீர்மானிப்பார். 2025 மே 11 அதிகாலையில் கரண்டியெல்லவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, இரவில் அந்தப் பாதையில் போக அம்மா அறவே சம்மதிக்கவில்லை.

கோச்சி என்று முடிவானபின் எந்த வகுப்பு என்பதில் ஒரு சிக்கல் வந்தது. அரசாங்க ஊழியன் என்பதால் எனக்கும் என் மனைவி பிள்ளைகளுக்கும் ரயில் வாரண்ட் உண்டு. இரண்டாம் வகுப்பில் இலவசமாகப் போகலாம். தம்பி குடும்பத்துக்கு அது கிடையாது.

“அண்ணே, நீங்க செக்கன் கிளாஸ்ல அம்மாவோட வாங்க. நாங்க தேர்ட்ல வாறோம். எறங்குற எடத்துல சந்திப்போம்” என்றான் தம்பி.

அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “ஒரு வீட்டு ஆளுக ரெண்டு பொட்டியில ஏறுறதுன்னா நான் வரல.”

வாரண்டை விட்டுவிட்டு எட்டுப் பேரும் மூன்றாம் வகுப்பில் பதிவு செய்தோம். என் கணக்கில் அது கூடுதல் செலவுதான். ஆனால் குடும்பமாகப் போகும் பயணத்தில் ஒரு பெட்டியில் இருப்பதற்கும் விலை உண்டு, அதைக் கொடுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பிள்ளைகள் மூவரும் மாறி மாறி அம்மாவின் மடியில் படுத்தார்கள்.

பதிவு முப்பது நாளுக்கு முன் திறக்கிறது. அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார்கள். டிக்கட்டை மொத்தமாக வாங்கிக் கூடிய விலைக்கு விற்றவர்களைப் பிடித்த பிறகு அந்தக் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. போனில் பதியலாம், இணையத்தில் பதியலாம், பெரிய நிலையங்களின் கவுண்டரில் பதியலாம். தோட்டத்துச் சனங்களுக்குக் கவுண்டருக்குப் போவதென்றால் அதற்கும் ஒரு பேர் போகும். ஆகவே குடும்பத்தில் போன் பிடிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் எல்லோருடைய இலக்கங்களையும் எழுதிக் கொடுத்து, முப்பதாம் நாள் காலையிலேயே உட்காரவைப்பது நல்லது. பதியாத மூன்றாம் வகுப்பு இதைவிட மலிவு. ஆனால் வெள்ளி இரவுகளிலும் தீபாவளி, பொங்கல் நாட்களிலும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளால் அது நிறைந்து வழியும். வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் அதில் ஏற்றக் கூடாது. அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பதிந்தாலும் மூன்றாம் வகுப்பில் கிடைப்பது சாய்ந்து உட்காரும் ஆசனம்தான். இரண்டாம் வகுப்பிலும் அப்படித்தான், கொஞ்சம் மெத்தை கூட. படுத்துத் தூங்கும் படுக்கை முதலாம் வகுப்பில் மட்டும். ஓர் அறைக்கு இரண்டு.

என் மனைவியின் அண்ணன் சூரிச்சில் இருக்கிறார். பயணத் திட்டத்தைப் போனில் சொன்னபோது அவர் தங்கள் கதையைச் சொன்னார். சூரிச்சிலிருந்து வியன்னாவுக்கும் ஹம்பர்க்குக்கும் இரவு ரயில் ஓடுகிறது. ஒஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட். ஜேர்மன் ரயில்வே தன் படுக்கை ரயில்களைக் கட்டாது என்று 2016 டிசம்பரில் நிறுத்தியபோது அவற்றில் ஒரு பகுதியை ஒஸ்திரியர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அதில் முக்கியமாக மூன்று வகை. உட்காரும் ஆசனம், நாலு பேரோ ஆறு பேரோ படுக்கும் எளிய அறை, ஒருவரிலிருந்து மூவர் வரை படுக்கும் உயர்ந்த அறை. அவர் குடும்பம் எடுப்பது நடுவகை. முழு அறையையும் குடும்பத்துக்கென்றே பிடித்துக் கதவைப் பூட்டிக்கொண்டால் பிள்ளைகளைப் பற்றிய பயமில்லை. விரிப்பு, போர்வை, காலையில் பாணும் கோப்பியும் டிக்கட்டிலேயே அடங்கும். விலை நாளுக்கு நாள் மாறும். மாதங்களுக்கு முன்பே பதிந்தால் மலிவு, பாடசாலை விடுமுறையில் கடைசி நேரத்தில் போனால் விமானத்தைவிடக் கூடும். “ஒரு ராத்திரி ஹோட்டல் காச கழிச்சுப் பாருங்க மச்சான், அப்பத்தான் ரயில் டிக்கட்டோட உண்மையான வெல தெரியும்” என்றார். ஹோட்டல் காசு இருக்கும் இடத்தில் எங்கள் தம்பிக்கு நாட்சம்பளம். கணக்கு ஒன்றேதான்.

நானுஓயா நிலையம் ஐயாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. ஆவணியிலும் இரவு பத்து மணிக்கு மேடையில் நிற்க முடியாத குளிர். கம்பளி, காதுக்குத் தொப்பி, பிளாஸ்கில் சுடச்சுடத் தேத்தண்ணி, எல்லாம் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும், பொதிக்குள் இருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும். மறுநாள் மதியத்துக்குப் புளிச்சோறு. கீழே இறங்க இறங்க வெக்கை கூடும். நாவலப்பிட்டிக்கு வரும்போது கம்பளியைக் கழற்ற வேண்டியிருக்கும், றம்புக்கனையில் யன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். ஆகவே உள்ளே மெல்லிய சட்டை.

கோச்சி வந்தது. நிலைய அதிபர் பெரிய வளையத்தில் கட்டிய டோக்கனைச் சாரதியின் கையில் கொடுத்தார். ஒற்றைத் தடத்தில் எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம். வெள்ளைக்காரன் காலத்து முறை, இன்றும் மலையில் நடக்கிறது. தம்பி மகள் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள். கிரேட் வெஸ்டன், தலவாக்கலை, கொட்டகலை என்று இருட்டில் இறங்கினோம். பகலில் இந்தப் பாதையை உலகமே வந்து படம் பிடிக்கிறது. எல்ல வரை ஆசனம் கிடைப்பதில்லை. தோட்டத்துச் சனம் தன் ஊர் மலையைப் பகல் கோச்சி யன்னலில் பார்க்க வெளிநாட்டாரோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது. இரவு மெயில்தான் இன்னும் எங்களுடையதாக இருக்கிறது. அதில் ஏறுகிறவர்கள் கடைப் பொடியன்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் துண்டோடு போகிறவர்கள், கடவுச்சீட்டு எடுக்கப் போகும் குடும்பங்கள். லயங்களின் மின்விளக்குகள் வரிசை வரிசையாக மலையில் தெரிந்தன. கொட்டகலைக்கும் ஹற்றனுக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனபோது பிள்ளைகள் மூவரும் ஒன்றாகக் கூவினார்கள். பெட்டி முழுக்க விழித்துக்கொண்டது. ஒருவரும் கோபிக்கவில்லை.

ஹற்றன் வந்ததும் அம்மா யன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். மேடையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வடக்குக்குப் போகிறவர்கள் பொல்கஹவெலயில் இறங்கி மாறலாம். கொழும்புப் பாதையும் வடக்குப் பாதையும் பிரிவது அங்கேதான். அங்கிருந்து கொழும்புக் கோட்டைக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல்; போக வர அந்தத் தூரம் மிச்சம். தனியாகப் போகும்போது நான் அப்படித்தான் செய்வேன். குடும்பத்தோடு வேண்டாம். நடுச்சாமம் கழிந்து இறங்கி, யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி வரும்வரை மேடை வாங்கில் பல மணி நேரம் தூங்கும் பிள்ளைகளோடு கிடப்பதைவிட, கோட்டை வரை தூங்கவிட்டு, அங்கே முகம் கழுவி, ஒரு பிளேன்டி குடித்து, புறப்படும் இடத்திலேயே ஆறுதலாக ஆசனத்தில் ஏறுவது மேல்.

கோட்டையில் எட்டுப் பேருக்கும் காலைச் சாப்பாடு வாங்கினோம். கணக்கில் எழுதாத காசு போவது இப்படிப்பட்ட நிலையங்களில்தான். ரொட்டி மிச்சம் இருந்தும் பிள்ளைகள் வடையும் றோல்ஸும் கேட்பார்கள். அதற்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் கேட்கும்போது முகம் சுளிக்க வேண்டியதில்லை.

யாழ்தேவி குருநாகல், மாகோ, அனுராதபுரம் தாண்டி மதவாச்சிச் சந்திக்கு வந்தபோது அம்மா முதல்முறையாக வாய் திறந்தார்.

“இங்கேருந்து எடப் பக்கம் திரும்புதுல்ல, அது தலைமன்னார் ரோட்டு. பெரியக்கா அந்தப் பக்கம்தான் போச்சு.”

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. போக வேண்டியவர்கள் ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா நிலையங்களில் கோச்சி ஏறினார்கள். ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் அழுத அழுகையால் அதை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள், எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார். கோச்சி பொல்கஹவெலயில் வடக்குக்குத் திரும்பி, மதவாச்சியில் மேற்கே பிரிந்து, தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனது. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். ரயிலும் கப்பலுமாக இந்தியாவை இணைத்து 1914இல் தொடங்கிய போட் மெயில் பாதையின் மறுபக்கம் அது. முன்பு கப்பல் போய்ச் சேர்ந்த தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது.

பெரியம்மா குடும்பம் எழுபதுகளில் கூடலூருக்குப் போனது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. போகும் குடும்பங்கள் செய்த திட்டத்தை அம்மா அன்று ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மியை எடுப்பதா விடுவதா. மாட்டை யாருக்குக் கொடுப்பது. சேமலாப நிதிக் காசு எப்போது வரும், அது வரும்வரை எதைச் சாப்பிடுவது. கடைக்காரனுக்குக் கடனைத் தீர்த்தால் கையில் என்ன மிஞ்சும். நிறைமாதமாக இருந்த பெரியம்மா மகள் பிரசவத்துக்கு முன் போவதா பின் போவதா. ஒருவழி டிக்கட்டுக்கான கணக்கு அது. பிள்ளைகளுக்கு நான் இதைப் பாடப்புத்தகத்தில் காட்ட முடியாது. மதவாச்சியில் அப்பாயி சொல்லக் கேட்டார்கள். என் மகன், “அவங்க திரும்பி வரவேயில்லையா அப்பாயி?” என்று கேட்டான். “ஒரு தடவ வந்துச்சு. லயத்தப் பாத்துட்டு, ஒண்ணும் மாறலன்னு சொல்லிட்டுப் போயிருச்சு” என்றார்.

போரில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் திரும்பத் திறந்தது. யாழ்ப்பாணப் பாதை 1990இல் நின்று 2014 அக்டோபரில் மீண்டது. இந்தியக் கடனில், இந்திய நிறுவனம் போட்ட தண்டவாளம். இரண்டு நூற்றாண்டுக்கு முன் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் நடந்து வந்தார்கள், வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாம் ஆண்டு நினைவான மலையகம் 200ஐ ஒட்டி அந்தப் பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்துபோனார்கள். மதவாச்சியைக் கடக்கும் மலையகக் குடும்பம் எதுவும் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தியைக் காட்டாமல் போகக் கூடாது.

யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்த ஆசிரியர் ஒருவர் வீட்டில் தங்கினோம். ஞாயிறு காலையிலும் மாலையிலும் அம்மா நல்லூரானைக் கண்குளிரப் பார்த்தார். மணி தவறாமல் அடிக்கும் அந்தக் கோயிலில் பூசைகள் நேரத்துக்கு நடப்பது அவருக்கு ஆச்சரியம்.

திரும்பும் பயணம் கடினம், அதை மறைக்க விரும்பவில்லை. பகல் முழுக்க யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு. இரவு எட்டு மணியளவில் மெயில். விடியுமுன் இருட்டில் நானுஓயாவின் குளிர். வேன்காரருக்கு முதலிலேயே பேசிவைக்காவிட்டால் அந்த நேரத்தில் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். தம்பி மனைவி வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். அன்று அவளுக்குப் பேர் விழுந்தது. உட்கார்ந்தபடியே இரண்டு இரவு கழித்த இடுப்போடு மலையேறிக் கொழுந்து பறித்தாள். நான் மேலே எழுதிய 5,400 ரூபாய் மிச்சத்தை உண்மையில் கொடுத்தது அவள் உடம்பு.

இங்கேதான் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இந்தியாவில் கூலி வேலைக்காரரும் மூன்றடுக்குப் படுக்கையில் படுத்துப் போகிறார்கள். சென்னை எழும்பூரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இன்றும் ஓடும் போட் மெயிலில் அந்தப் பெட்டிகள்தான் அதிகம். ஐரோப்பாவில் ஆறு பேர் படுக்கும் எளிய அறை உண்டு. நம் நாட்டில் மட்டும் படுக்கை முதலாம் வகுப்புக்காரருக்கு என்று நின்றுவிட்டது. எங்கள் தண்டவாளத்தின் அகலமும் இந்தியாவின் அகலமும் ஒன்று. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த வண்டிகள் ஏற்கனவே இலங்கையில் ஓடுகின்றன. மலைப்பாதையின் கூர் வளைவுகளுக்கு ஏற்ற நீளத்தில், மூன்றாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி ஒன்றைப் பதுளை மெயிலில் இணைப்பது ரயில்வே திணைக்களத்துக்கு முடியாத வேலை அல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைப்பாதையைப் பல இடங்களில் அறுத்துப் போட்டது. அதைத் திருத்திப் புதுப்பிக்கும் காலத்திலேயே இதையும் கேட்க வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கட்டும். தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் எழுதட்டும்.

அதுவரை, போகிறவர்கள் நாளைக் குறிப்பதற்கு முன் நானுஓயாவுக்கோ ஹற்றனுக்கோ போன் எடுத்து மெயில் ஓடுகிறதா, எதுவரை ஓடுகிறது என்று கேளுங்கள். மழைக் காலத்தில் முதல் நாளும் ஒரு தடவை கேளுங்கள். முப்பது நாளுக்கு முன் ஆசனம் பதியுங்கள், திரும்பிவரும் ஆசனத்தையும் சேர்த்து. வயதானவர்களை யன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.